நொந்த வீட்டைக் கழுவப் போகிறவர்களுக்கு

என்னோடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் இருப்பவர் சொல்லும்வரை வேனிலிருந்து மொப்பை இறக்காதே. சாதாரண வீடு என்றால் போனோமா, கூட்டினோமா, கழுவினோமா, வந்தோமா என்று இருக்கலாம். அடி உதை நடந்த வீடு, திருடன் பாராங் கத்தியோடு புகுந்த வீடு, எதிர்பாராமல் சாவு விழுந்த வீடு, வருஷக்கணக்காக ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த வீடு, இதெல்லாம் வேறு கணக்கு. அங்கே அழுக்கு இரண்டாவது. அந்த வீட்டுக்காரரிடமிருந்து ஏற்கெனவே எதையோ கேட்காமல் பறித்தாகிவிட்டது. நாமும் போய் ஒரு கிழிந்த தலையணையைக் கேட்காமல் தூக்கிப் போட்டால், நல்ல எண்ணத்தில் செய்தாலும், அவருக்கு அது மறுபடியும் பறிப்பதுதான்.

நான் இருப்பது மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மா ரப்பர் பால் வெட்டப் போக ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். லயத்து சனமெல்லாம் இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளிலும் மலிவு வீடுகளிலும் இருக்கிறது. ரப்பர் நின்ற இடத்தில் பாதிக்கு மேல் செம்பனை. வீடு கழுவும் வேலைக்கு நான் வந்தது பிழைப்புக்காக. இந்த மாதிரி வீடுகளுக்குத் தனியாகக் கூப்பிட ஆரம்பித்தது, நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று ஊருக்குத் தெரிந்த பிறகு.

போகும் முன் கேட்க வேண்டியவை

கூப்பிடுவது பெரும்பாலும் மகனோ மருமகளோ அக்காவோ. அவர்களிடம் விலாசமும் எத்தனை அறை என்பதும் கேட்டால் போதும். மற்றதெல்லாம் அந்த வீட்டில் படுத்து எழுந்திருப்பவரிடம்தான் பேச வேண்டும், போனிலாவது. "அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன், அதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளிப் போட்டுடுங்க அக்கா" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்த வேலையை நான் எடுக்க மாட்டேன். திரும்பி வரும் தாய்க்கு அது தன் வீடாகவே தெரியாது. சில பேர் அன்றைக்கே மறுபடி சேர்க்க ஆரம்பிப்பார்கள், முன்னைவிட இரண்டு மடங்கு.

என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கேட்க வேண்டியது வேறு. எந்த நேரம் உங்களுக்குத் தோது? எந்த அறைக்குள் நாங்கள் போக வேண்டாம்? பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமா? ஆண் பிள்ளை ஒருவன் சாமான் தூக்க வரலாமா, பெண்கள் மட்டும் வரவா? எந்த வாசம் உங்களுக்கு ஆகாது?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சிலர் விழிப்பார்கள். ஆனால் அதுதான் முக்கியமான கேள்வி. கண்ணும் காதும் கொண்டுவரும் சேதி மூளையில் ஓர் இடைநிலையத்தில் நின்றுதான் உள்ளே போகும். வாசம் அங்கே நிற்காமல் பயமும் ஞாபகமும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒரு தங்கச்சிக்கு டெட்டால் வாசம் என்றால் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இரவு. இன்னொருவருக்குச் சம்சுச் சாராய வாடை. சாவு வீட்டில் சிலருக்கு ஊதுவத்தியே ஆகாமல் போய்விடுகிறது. அதனால் நான் வாசமில்லாத பாத்திரச் சோப்புத் தண்ணீரில் தொடங்குவேன். வாசம் வேண்டும் என்று அவர்களே கேட்டால் எலுமிச்சையோ பாண்டான் இலையோ வைப்பேன். பூவாசமடிக்கும் தரைத் திரவத்தை ஊற்றி வீட்டையே மணக்க விடுவதுதான் சுத்தம் என்று நினைப்பவர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள்.

போலீஸ் சம்பந்தப்பட்டது என்றால், புலனாய்வு அதிகாரி சரி என்று சொல்லும்வரை ஒரு கண்ணாடிச் சில்லைக்கூடத் தொடாதீர்கள். அடி வாங்கிய பெண்ணின் வீடு என்றால் உடைந்த கதவு, கிழிந்த சட்டை எல்லாம் நாளைக்குக் கோர்ட்டில் பேசும். கழுவும் முன் அவரே தன் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். கிழிந்த துணியைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். குடும்ப வன்முறைச் சட்டம் 1994லிருந்து இருக்கிறது, பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், ஆனாலும் நம் பெண்கள் பலருக்கு அது தெரியாது. நான் வக்கீல் இல்லை. 15999 தாலியான் காசே என்கிற உதவி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவருக்குப் பத்திரமான இடம் எது என்று கேட்டு, அங்கே வைத்துவிட்டு வருவேன். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்ட மாட்டேன். திரும்பி வருகிறவன் கண்ணில் அதுதான் முதலில் படும்.

வாசலில்

வேனை வீட்டுக்கு நேராக நிறுத்தாமல் நாலு வீடு தள்ளி நிறுத்துங்கள். சின்ன ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு ஜோடிக் கண் உண்டு. "என்னா, அந்த வூட்டுல என்னா விசேஷம்?" என்று கேட்டால், "தீபாவளி வருதுல்ல, கழுவுறோம்" என்று சொல்வேன். தைப்பூசம் முடிந்த மறுவாரமாக இருந்தாலும் இதே பதில்தான். கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

கதவைத் தட்டாதீர்கள், அதுவும் படபடவென்று. வந்துவிட்டோம் என்று வாட்சப்பில் சொல்லிவிட்டு கிரில்லுக்கு வெளியே, அவர் பார்க்கும்படி நில்லுங்கள். உள்ளே போனதும் யார் யார் வந்திருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். கிரில் பூட்டியிருக்க வேண்டுமா திறந்திருக்க வேண்டுமா என்பது அவர் இஷ்டம். சாவி அவர் கையில். நீங்கள் நிற்கும் இடம் அவருக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கக் கூடாது. பின்னால் போய் நின்று தோளைத் தொட்டுக் கூப்பிடுவது ஆகவே ஆகாது. பால்டியைத் தடாலென்று வைப்பது, நாற்காலியை இழுப்பது, வாக்குவம் மெஷினைச் சொல்லாமல் போடுவது எல்லாம் அவர்களைத் தூக்கிவாரிப் போடும். "இப்போ மெஷின் போடப் போறேன்மா, சத்தம் வரும், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

முகத்தையும் அடக்க வேண்டும். மூக்கைச் சுருக்குவது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது, "ஐயோ, எப்படிம்மா இதுக்குள்ள இருந்தீங்க" என்பது, எதுவும் கூடாது. "எல்லாம் விதி" என்பதும் வேண்டாம். போனில் முன்னும் பின்னும் படம் எடுத்து டிக்டாக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியவில்லை என்பார்கள். மேசையில் இருக்கும் தெர்மஸைப் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடும் ஊர் இது.

எங்கே தொடங்குவது

படுக்கும் இடம், கக்கூஸ், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி. முதல் நாளுக்கு இது போதும். அன்றிரவு அவர் தடுக்கி விழாமல் போய்க் குளித்து, சுத்தமான விரிப்பில் படுக்க முடிந்தால் அது பெரிய வேலை. வரவேற்பறையைப் பளபளப்பாக்குவது வந்துபோகிறவர்களுக்காக. அது பிறகு.

ஒவ்வொரு சாமானுக்கும் கேள்வி உண்டு, ஆனால் சின்னக் கேள்வி. "இதையெல்லாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அவர் திகைத்து உட்கார்ந்துவிடுவார். "இது இங்கயே இருக்கட்டுமா, அலமாரிக்குள்ள வைக்கவா?" என்று கேட்டால் பதில் வரும். பதில் வராவிட்டால் ஒரு பெட்டி வைத்திருங்கள். பிறகு பார்க்கலாம் என்று மார்க்கரில் எழுதி அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் வையுங்கள். வேனில் ஏற்றாதீர்கள். எந்தப் பெட்டியில் என்ன என்று அவர் எதிரிலேயே சொல்லிச் சொல்லிப் போடுங்கள்.

காகிதம் எதையும் குப்பையாக நினைக்காதீர்கள். தோட்டத்து சனத்தில் சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டையோடு அலைந்த குடும்பங்கள் எத்தனை! பழைய கிளினிக் சீட்டு ஒன்றுதான் ஒரு பிள்ளை எங்கே பிறந்தது என்பதற்கு ஆதாரமாக இருக்கலாம். மலாய் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் நானே படித்துச் சொல்வேன். ஐசி, பிறப்புப் பத்திரம், போலீஸ் புகார் நகல், ஈபிஎஃப் சேமநிதிக் கடிதம் எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இறந்தவர் துணியைத் துவைக்கும் முன் கேளுங்கள். அழுக்குச் சட்டைதான், ஆனால் அதில் அவர் வாசம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் வாய்க்கு நாம் வேலை செய்யக் கூடாது.

சாமி மேடையை நான் தொடவே மாட்டேன், அவர் சொன்னால் தவிர. சொன்னால் புதுத் துணி, தனித் தண்ணீர். காய்ந்த பூவைக் குப்பைப் பையில் போடாமல் வாழையடியில் போடுவேன். ஒரு வீட்டில் முருகன் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. என்னோடு வந்த பிள்ளை நேராக்கக் கை நீட்டினாள், நான் கண் காட்டி நிறுத்தினேன். தூசியைத் துடைத்தோம். திரும்பியபடியே விட்டோம். அது அந்த அம்மாவுக்கும் முருகனுக்கும் உள்ள வழக்கு.

அரிசி டின்கள்

லிந்தாங் போகும் சாலைப் பக்கம் ஒரு பாட்டி, தொண்ணூறை நெருங்கியவர். வீடு முழுக்க டின். மைலோ டின், பிஸ்கட் டின், எண்ணெய் டின், எல்லாவற்றிலும் அரிசி, உப்பு, கருவாடு. அரிசியில் வண்டு, கட்டிலடியில் எலி. மகனுக்கு வெட்கம். "ஒரு நாள்ல முடியற வேலைதானே அக்கா" என்று முணுமுணுத்தார். பாட்டிக்கு ஏழு வயசிருக்கும்போது, 1943இல், சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போன தோட்டத்து ஆண்களில் அவர் அப்பாவும் ஒருவர். திரும்பவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தார்கள். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 1948 ஜூன் 16. இதே சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குச் சோறு போகிறதா என்று தோட்டத்து கேட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த நாட்கள் உண்டு. அந்த டின்களைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாங்கள் செய்தது இது. பாட்டியைப் பலகையில் உட்காரவைத்து, ஒரு டின்னை அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தோம், மூடியை அவரே திறந்தார். புது அரிசி நிரம்பிய டின்னை முதலில் அவர் கண் முன்னால் வைத்த பிறகுதான் பழையதைத் தட்டில் கொட்டினோம். வண்டு பிடித்ததை எறிகிறேன் என்று சொல்லவில்லை. "பாட்டி, இது பக்கத்து வூட்டுக் கோழிக்குப் போடலாமா?" என்று கேட்டேன். வீணாகாது என்றதும் தலையாட்டினார். டின்னைச் சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த மிளகாய் இரண்டு போட்டு மறுபடி நிரப்பினோம். டின் எண்ணிக்கை குறையவில்லை. தரையிலிருந்து பலகைத் தட்டுக்கு ஏறியது, அவ்வளவுதான். ஒரு நடைக்குச் சில டின்களுக்கு மேல் தொடுவதில்லை. அவர் கை மூடியை இறுக்கிப் பிடித்தால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். மகனிடம் தனியாகச் சொன்னேன்: "தம்பி, எலிதான் நமக்கு எதிரி, டின் இல்ல."

எலிப் புழுக்கையைக் காய்ந்த தரையில் கூட்டாதீர்கள். தூசி பறந்து மூக்குக்குள் போகும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இந்த நாட்டில் ஆளைக் கொல்லும். கையுறை, மூடிய காலணி, மாஸ்க் போட்டு, குளோராக்ஸ் என்கிற பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுத்துப் பையைக் கட்டிவிடுங்கள். காலில் புண் இருப்பவர் அன்று வேலைக்கு வர வேண்டாம். வெளியே பூச்சட்டி, பழைய டயர், ஐஸ்பெட்டித் தட்டு இவற்றில் தேங்கிய தண்ணீரை அன்றே கவிழ்த்து விடுங்கள். டிங்கி கொசு யார் துக்கத்தையும் பார்ப்பதில்லை, சுகாதார இலாகா போடும் சம்மனும் அப்படித்தான்.

ரத்தமும் மருந்தும்

ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் கறை அப்படியே இறுகிவிடும். துணியானால் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு. தரையானால் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். சாதாரணத் தரைக்கு அவ்வளவு காட்டம் வேண்டாம். ஒரு லிட்டருக்கு 20 மில்லி போதும். கலந்தது மறுநாளைக்கு உதவாது, வீரியம் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஆனால் திறக்கும் முன் கேட்க வேண்டும். திறந்த ஜன்னலே பயமாக இருக்கும் வீடுகள் உண்டு. அப்படியென்றால் காற்றாடியைப் போட்டு, வாசல் கதவை மட்டும் திறந்து, அவரை வெளியே வாசல் நடையில் உட்காரச் சொல்லுங்கள்.

குளோராக்ஸோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ, வினிகரையோ, அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தையோ ஒருக்காலும் சேர்க்காதீர்கள். நெஞ்சை அடைக்கும் விஷப்புகை வரும். ஊசி கிடந்தால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான போத்தலில் போட்டு மூடுங்கள். ரத்தம் நிறைய இருந்தாலோ, இறந்தவர் நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர் என்றாலோ, அது நம் கை வேலை இல்லை. அதற்கென்று பயிற்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடித்த பிறகு நாம் போகலாம். குடும்பத்தாரை அதைத் துடைக்க விடவே கூடாது.

கை நின்றுபோனால்

நடுவில் அவர் திடீரென்று உறைந்து நிற்பார், மூச்சு வாங்குவார், அல்லது நம்மையே யாரோ என்று பார்ப்பார். எல்லோரும் வேலையை நிறுத்துங்கள். மெஷினை அணையுங்கள். ஒரே ஒருவர் மட்டும், அவர் கண்ணுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நின்று, மெல்லப் பேசுங்கள்: "அக்கா, நான்தான், வீடு கழுவ வந்தவ. இன்னைக்கு வியாழக்கிழமை. தண்ணி குடிக்கிறீங்களா?" கட்டிப் பிடிக்காதீர்கள். அழுதால் அழட்டும். கதை சொல்லத் தொடங்கினால் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் மீதியைக் கேட்காதீர்கள். வேலையைத் தொடர்வதா, இன்னொரு நாளா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வாழவே வேண்டாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. நம்பிக்கையான ஒருவரை வரவழையுங்கள். மனநல உதவிக்கு ஹீல் லைன் 15555 இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் 999. பேராவில் ஒரு சங்கடம் உண்டு. மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று கிண்டல் செய்வார்கள். 1911லிருந்து அங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரி எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறது, ஊர் அதன் பேரை வசவாக வைத்திருக்கிறது. அந்தப் பகடியை உங்கள் ஆட்கள் யாரும் வேனுக்குள்கூடச் சொல்லக் கூடாது.

கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும். இருட்டும்போது வீட்டில் புது ஆட்கள் நடமாடுவது நல்லதில்லை. போகும் முன் அவரோடு ஒரு சுற்று நடந்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். இடம் மாற்றிய சாமானை அவர் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னால், முகம் சுளிக்காமல் வையுங்கள். சாவி வாங்கியிருந்தால் கையிலேயே திருப்பிக் கொடுங்கள், நகல் எடுக்காதீர்கள். கூலியை முன்பே பேசிய தொகைக்கு மேல் ஒரு ரிங்கிட்கூட வாங்காதீர்கள், வேலை எதிர்பார்த்ததைவிட இழுத்தாலும். இலவசமாகச் செய்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். சிலருக்கு, தன் பணத்தில் தன் வீட்டைக் கழுவ வைத்தேன் என்பது தேவைப்படுகிறது. முடியாதவர்களுக்குத் தொகையைக் குறைத்து, தவணையில் வாங்கிக்கொள்வேன்.

அடுத்த நடை எப்போது என்பதை அவர் சொல்லட்டும். ரொம்ப நாள் சத்தமில்லை என்றால் ஒரு தடவை போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். வேலையைப் பற்றி நானாக எடுக்க மாட்டேன்.